மாவுக்கு வராத மீன்

மைதாவைத் தாம்பாளத்தில் கொட்டின பிறகுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது, எழவு வீட்டுக்குப் போகிறவன் எவனாவது தூண்டிலுக்கு மாவு பிசைவானா என்று. கொட்டினது கொட்டினதுதான். அள்ளித் திரும்ப டப்பாவில் போட முடியாது, கடலைப் புண்ணாக்குத் தூளும் கலந்தாயிற்று. எழுந்து அடுக்களைக் கதவைச் சாத்தப் பார்த்தார். மழைக்கு ஊதின கதவு, பாதியில் நின்றுகொண்டது. ஒரு உதை விட்டால் சாத்திக்கொள்ளும். உதைத்தால் சத்தம் கேட்கும். உள்ளறையில் பாவாயி படுத்திருந்தாள். தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா, வாதம் வந்து படுத்த இந்த நாலு வருசத்தில் அதை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கட்டின பொண்டாட்டி. சரி, அது கிடக்கட்டும். காலையில் கஞ்சி ஊட்டும்போது விஷயத்தைச் சொல்லியாயிற்று. "ஜோகி வீட்ல ஒரு எழவு. அவன் சித்தப்பன். நாளைக்குக் காலம்பற போயிட்டு அடுத்த நாள் பொழுதோட வந்துருவேன். உந் தங்கச்சி தாயம்மாவ வரச்சொல்லியிருக்கேன்." அவ்வளவுதான். கரண்டியைப் பார்த்துத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். முகத்தில் பாதிதான் வேலை செய்கிறது, அந்தப் பாதியைப் பார்த்து ஒரு பொய் சொல்லக்கூடாதா, ஊரில் அவனவன் முழு முகத்தைப் பார்த்தே சொல்கிறான். முடியவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள், விழுங்கினாள், மூடினாள். எப்போ செத்தார், எப்படிச் செத்தார் என்று ஒரு வார்த்தை முனகியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். கேட்கிறவளிடம் சொல்கிற பொய்யாவது கேள்விக்குப் பதிலாகப் போய்விடும். கேட்காதவளிடம் சொன்ன பொய் எங்கேயும் போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் அந்த மீனால் வந்தது. ட்ரவுட். பேரைச் சொல்வதற்கே வாயில் பல்லெல்லாம் இருக்க வேண்டும். ஜோகி போனில் சொன்னபோது முதலில் பிடிபடவில்லை. ஜோகி கம்பெனியில் அவரோடு பாய்லர் பார்த்தவன், நீலகிரிப் படுகர், ரிட்டயர் ஆன கையோடு மலைக்கே போய்விட்டான், எமரால்டு தாண்டி ஏதோ ஒரு ஹட்டியாம், ஊரை அப்படித்தான் சொல்வான். இங்கே மேட்டூரில் இருந்தவரைக்கும் லீவு நாள் தவறாமல் இரண்டு பேரும் அணைத் தண்ணீரில் தூண்டில் போட்டவர்கள். "சென்னி, மேல ஏரியில மீன் புடிக்க ரெண்டு பேருக்கு பர்மிட் வாங்கிட்டேன். நீ வர்றே." "எனக்கு எங்கய்யா முடியும், இவள வச்சிக்கிட்டு." "ரெண்டு நாள்தானய்யா. கெளுத்தியும் ஜிலேபியும் புடிச்சே சாவப் போறியா? ட்ரவுட்டு ஒரு தடவை இழுக்கட்டும், அப்புறம் மத்ததெல்லாம் ஒரு மீனான்னு கேப்பே." இழுக்கட்டும் என்றானே, அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார். நாலு வருசமாகத் தூண்டில் நரம்பை எதுவும் இழுக்கவில்லை. ராடு பரணில் கிடந்தது. "மாவு என்ன பதத்துலய்யா போடணும்?" என்று கேட்டார். ஜோகி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மாவா? அட கூமுட்ட. அது மாவுக்கெல்லாம் வராதுய்யா. பூச்சி திங்கிற மீனு. தண்ணியில சுத்தற தகட்டு ஸ்பின்னர் இருக்குது எங்கிட்ட, கோழி றெக்கையில கட்டின ஈ இருக்குது. நீ கைய வீசிட்டு வா." கோழி றெக்கையில் கட்டின ஈ. வாயில் போட்டுத் தின்கிற மாவு வேண்டாமாம், பொய்ப் பூச்சி வேண்டுமாம். நல்ல மீன். பொய்க்கு வருகிற மீனைப் பிடிக்க ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவதும் சரிதான். அப்போதுதான் அந்த ஏற்பாட்டையும் ஜோகியிடம் சொல்லிவைத்தார். "யாராச்சும் கேட்டா உங்க அண்ணன் செத்துட்டான்னு சொல்லு." "எனக்கு அண்ணனே இல்லையேய்யா, நான்தான் மூத்தவன்." "அப்ப சித்தப்பன்." "சித்தப்பன் போயி இருவது வருசமாச்சு." "மறுக்கா சாவட்டும்." ஜோகி சிரித்தான். பிறகு கேட்டான், "ஏன் சென்னி, மீன் புடிக்கப் போறேன்னு சொன்னா அது என்ன வேண்டாம்னா சொல்லப்போவுது?" அதுதான். பாவாயி வேண்டாம் என்று சொல்லமாட்டாள். அதற்காகத்தான் பொய். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது. "உனக்குப் புரியாது, வைய்யா" என்று வைத்துவிட்டார்.

தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தார். மாவு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கூடிவிட்டது. இந்த வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை, தந்த மாவைத் தூண்டிலில் மாட்டினதுதான். பிசைந்து தருகிறவள் உள்ளே படுத்திருக்கிறாள். மாவுக்கு வராத மீனுக்கு எதற்கு மாவு. தெரிந்துதான் பிசைகிறார். தெரியாத ஏரிக்கு வெறுங்கையோடு போய் நிற்பதா. அணையில் எந்தப் பாறைக்கு அடியில் எவ்வளவு தண்ணீர், எங்கே நரம்பு சிக்கும், காற்று மேற்கிலிருந்து அடித்தால் எங்கே உட்கார வேண்டும் எல்லாம் கைக்குத் தெரியும். அங்கே என்ன தெரியும். தண்ணீர் கறுப்பாக இருக்கும் என்றான் ஜோகி. சோலைக்காட்டு நிழல் விழுந்து கறுப்பாக, அடி தெரியாமல். ஓடை வந்து சேருகிற வாயில்தான் அந்த மீன் நிற்குமாம், குளிர்ந்த தண்ணீர் வருகிற இடத்தில் மூக்கைக் கொடுத்துக்கொண்டு. நம் நிழல் விழுந்தால் போய்விடும், காலடி அதிர்ந்தால் போய்விடும், பேசக்கூடாது, பீடி கூடாது. குனிந்து போக வேண்டுமாம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு குனிந்து போவது. ஸ்வெட்டர் ஒன்று இருந்தது, எங்கே. அட்டை இருக்கும், சுண்ணாம்பு எடுத்துக்கொள்ள வேண்டும். நரம்பு கனம் கூடாது, மெல்லிசாக இருக்க வேண்டும், மெல்லிசு நரம்பை இந்தக் கண்ணால் எப்படித் தூண்டில் முள்ளில் கோர்ப்பது, ஜோகியைக் கோர்த்துத் தரச் சொல்வதா, அவன் கேலி பண்ணுவான். பண்ணட்டும். விடிகிற நேரம் பனி தண்ணீர் மேலே நிற்கும் என்றான். அதில் போட்டுவிட்டு நிற்க வேண்டும். பக்கத்தில் யாரும் முனகமாட்டார்கள். யாருக்கும் தண்ணீர் வேண்டியிருக்காது, புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்காது, வேட்டியை மடித்துக்கட்டி ஒரு ஓரமாக நிற்க வேண்டியதுதான். அப்புறம் அந்த இழுப்பு. கைக்குள் ஒரு உசுர் துடிக்கிறது என்று மணிக்கட்டுக்குத் தெரியுமே அந்த நிமிசம். "மேல போயிட்டா சிக்னல் கெடையாது, வீட்ல சொல்லிட்டு வா" என்றான் ஜோகி. சிக்னல் கிடையாது என்றதும் நெஞ்சில் ஏதோ ஒரு கதவு காற்றுக்குத் திறந்துகொண்டதே. அது என்ன. பாவாயிக்கு ஒன்று என்றால் யாரும் அவரைக் கூப்பிட முடியாது என்பதில் ஒரு மனுசனுக்கு எப்படி நெஞ்சு குளிரும். பிசைகிற கை நின்றது. அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டு நரம்புக்குத் திரும்பினார். மெல்லிசு நரம்பு. கண்ணாடியை மறக்கக்கூடாது. நினைப்பு நரம்பில் நிற்கவில்லை. தான் மேலே இருக்கும்போது இங்கே அது நடந்துவிட்டால் என்ற இடத்துக்கே வந்து நின்றது. நடந்துவிட்டால் இறங்கி வரவேண்டியதுதான், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஓசூரிலிருந்து மகன் வந்திருப்பான், அப்புறம் காரியமெல்லாம் முடிந்தபின்... முடிந்தபின் என்று ஒரு வார்த்தை வந்தது பாரு. தூ. மாவை ஓங்கித் தாம்பாளத்தில் அறைந்தார்.

காலையில் துவைக்கிற கல்லில் நிற்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். பாவாயியின் ராத்திரித் துணியை அலசிக்கொண்டிருந்தார். தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலசுகிற துணி. எதிர்வீட்டு அம்மிணி மதில் மேலே எட்டிப் பார்த்து, "என்னங்ணா, இன்னைக்குப் பாட்டெல்லாம் பலமா இருக்குது?" என்றாள். பாட்டா. அவரா. வாய் பாட்டுக்கு எதையோ இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. "இருமல்" என்றார். "நல்ல ராகமா இருமுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் துணியை வைத்துக்கொண்டு பாடியிருக்கிறான் ஒருத்தன். உள்ளறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. இந்த வீதியில் இந்த அம்மிணியில் ஆரம்பித்து ரேசன் கடை வரைக்கும் எல்லோரிடமும் அவர் சொல்லிவைத்திருப்பது என்ன? "என் கையில தவுர யார் கையிலயும் அது சாப்பிடாது. நான் ஒரு நாள் இல்லீனா போயிரும்." மகன் கூடவந்து இருங்கப்பா என்றபோது இதையே சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எடை குறைஞ்சுக்கிட்டே போகுதே, சாப்பாடு எப்படி?" என்று கேட்டபோதும், "இவ்வளவுதாம்மா எறங்கும் அதுக்கு, நானே பாத்துப் பாத்து ஊட்டறேன்" என்றார். அந்தம்மா, "உங்கள மாதிரி வீட்டுக்காரர் எத்தன பேருக்குக் கெடைக்கும்" என்றது. அன்றைக்கு வீடு வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அப்படிப்பட்டவன் பூச்சி தின்கிற மீனுக்காக ஓடினால் வீதி என்ன சொல்லும். எழவு என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. எழவுக்குப் போகாமல் இருக்க முடியுமா. மனுசனுக்குக் கிடைக்கிற ஒரே லீவு அதுதான்.

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. பெருங்காயத்தைத் தூள் பண்ணிக்கொண்டிருக்கும்போது அது தெரிந்தது. மீன் கிடைத்தால்? ஜோகி சொன்னான், ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கு, அதுக்குள் எடுத்துப் போகலாம், வாழை இலையில் சுற்றி உப்புப் போட்டுத் தருகிறேன் என்று. கறுப்புப் புள்ளி போட்ட மீனாம், பக்கவாட்டில் செவப்பு ஓடியிருக்குமாம், முள்ளே கிடையாதாம். முள் இல்லாத மீன் என்றால் பாவாயிக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். நாலு வருசமாக மீன் என்று ஒரு துண்டு அவள் வாயில் வைத்ததில்லை, சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று. சந்தோசமாகத்தான் இருந்தது இந்த யோசனை. எழவு வீட்டிலிருந்து எவனாவது மீன் வாங்கிக்கொண்டு வருவானா? தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெறுங்கையோடு வருவான். அங்கிருந்து ஒரு வெற்றிலைகூட எடுத்து வரமாட்டான். போய்ட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பவும்கூடாது. அப்படியானால் மீனை வழியில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். இல்லை, மேட்டூர் மீன் கடையில் வாங்கினேன் என்று சொல்லலாம். எழவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவன் நேராக மீன் கடையில் போய் நின்றானா, அது அதைவிடக் கேவலம். ஒரு பொய்க்கு ஒட்டுப்போட இன்னொன்று, அதுக்கு ஒன்று. முள் இல்லாத மீனைக் கொண்டு வருவதற்கு வழி இல்லாமல் செய்துகொண்டது யார். ஜோகியிடம் சித்தப்பனைச் சாகடிக்காமல் ஒரு கல்யாணத்தையாவது வைத்திருக்கலாம். கல்யாணம் என்றால் போகாமல் இருக்கலாமே என்பாள். என்பாளா. அவள் எங்கே என்கிறாள். எரிச்சலாக வந்தது. பூண்டை உரித்து அம்மியில் வைத்து ஒரே தட்டாகத் தட்டினார். வீடு முழுக்க மணத்தது. மாவு, புண்ணாக்கு, பெருங்காயம், பூண்டு. கெண்டைக்குப் போடுகிற அதே மணம். கதவு பாதி திறந்திருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏ...ங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வாதம் வந்தபிறகு அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும், அதுவும் வரும் என்று சொல்ல முடியாது. சென்னியப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். வேட்டியிலும் மாவு. பாவாயி கண்ணைத் திறந்துதான் கிடந்தாள். அவரைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள். மூக்கு இரண்டு தடவை விரிந்து சுருங்கினது. தண்ணீர் வேண்டுமா என்றார். இல்லை என்று தலை அசைந்தது. திரும்பிப் படுக்கணுமா. இல்லை. வாயைக் கூட்டிக் கூட்டி ஒரு வார்த்தையைத் தேடினாள். இந்த மாதிரி நேரத்தில் அவருக்குப் பொறுக்காது, அவரே பத்து வார்த்தையை எடுத்துக் கொடுப்பார், ஏதாவது ஒன்றுக்குத் தலையை ஆட்டிவிடுவாள், வேலை முடிந்தது. இன்றைக்கு எடுத்துக்கொடுக்க வாய் வரவில்லை. நின்றார். "பூண்டு" என்றாள். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "கொறச்சல்." அவருக்குக் காது சுட்டது. எழுபத்தியொரு வயசு ஆளுக்குக் காது சுடுகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், ஸ்கூலில் நிற்கிற மாதிரி. "ஜோகிதான்... மேல ஏரியில... பர்மிட் வாங்கிட்டான்" என்றார். சித்தப்பனைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. செத்தவர் செத்தவராகவே இருந்தார். "நான் போகல. இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். வேற ஆரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்." திரும்பினார். அவளுடைய நல்ல கை, இடது கை, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கைக்கு இவ்வளவு பிடி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "போ" என்றாள். "போ. போ." கண்ணில் ஒரு பதற்றம். போகாமல் இருந்துவிடுவாரோ என்கிற பயம் மாதிரி. "போங்க" என்று சொல்கிற இடத்தில் வெறும் போ தான் வருகிறது அவளுக்கு. அது வாதத்தின் குற்றம்.

அடுக்களைக்குத் திரும்பி இரண்டு பல் பூண்டு கூடப் போட்டுப் பிசைந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பூண்டு. பொய் சொன்னவனைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை, உப்புப் புளி சரிபார்க்கிற மாதிரி பதம் சரிபார்த்துவிட்டு, போ என்கிறாள். அவள் கிடக்கிற கிடையில், தன்னைப் பார்க்க ஆள் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, இந்த மனுசன் இரண்டு நாள் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. தாயம்மா கையில் சாப்பிடமாட்டாள். இரண்டு நாளும் கஞ்சித் தண்ணீர்தான் இறங்கும். தெரிந்தே சொல்கிறாள். பெரிய மனசு. அந்த மனசுக்கு முன்னால் சிக்னல் கிடையாது என்று குளிர்ந்த இந்த நெஞ்சை எங்கே கொண்டு வைப்பது. முடிந்தபின் என்று நினைத்த இந்த மண்டையை எங்கே கொண்டு முட்டுவது. போவதா, இருப்பதா. போனால் கேவலம், இருந்தால் அவள் போ என்றதற்கு மதிப்பில்லை. இப்படி நினைத்து நினைத்து மாவு அல்வாப் பதத்துக்கு வந்துவிட்டது. போவது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு நாள். ஒரு மீன் விழுந்தால் போதும், உடனே பஸ் ஏறிவிடுவது. இரண்டு நாள் அவள் தாங்கமாட்டாள். இப்படி முடிவு செய்ததும் கொஞ்சம் நல்லவன் ஆனமாதிரி இருந்தது. அந்த நினைப்பும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது தாங்கக்கூடிய வெட்கம்.

தாயம்மா பொழுது சாயும்போது வந்தாள். பாவாயியின் தங்கச்சி, பவானியில் மகன் வீட்டோடு இருக்கிறவள், நடக்கும்போதே பேசிக்கொண்டு வருகிற ரகம். ஒரு கையில் பெரிய பை, இன்னொரு கையில் தலையணை, தோளில் ஒரு ஜமக்காளம். "ஏனுங் மாமா, நல்லாருக்கீங்களா? இதப் புடிங்க சித்தெ." சென்னியப்பன் ஜமக்காளத்தை வாங்கினார். "ரெண்டு நாளைக்கு எதுக்கு இத்தன மூட்டை? ஒரு நாள்தான். நான் நாளைக்கு மறுநாள் மத்தியானமே வந்துருவேன்." தாயம்மா செருப்பைக் கழற்றினவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு நாளா? அக்கா ஏழு நாள்னு சொல்லுச்சே?" "எந்த அக்கா?" "எனக்கு எத்தன அக்கா மாமா இருக்குது? நேத்து போன் பண்ணுச்சுங்க. நீங்க பால் வாங்கப் போயிருந்தீங்களாட்ட இருக்குது. செல்லுல என் படம் வச்சிருக்கீங்கல்ல, அதப் பாத்து ஒத்தக் கையில அமுக்கிப் போட்டிருக்குது. 'ஏழு நாளு, இரு'. இதையே நாலு தடவ சொல்லுச்சு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்கறீங்க, நான் கேட்டுக்கிட்டே அரிசி பொடச்சு முடிச்சுட்டேன். மாமா ஒரு வாரம் வெளியூர் போறாராட்ட இருக்குதுன்னு நான் மருமககிட்ட சொல்லிட்டுல்ல வந்திருக்கேன்." சென்னியப்பன் ஜமக்காளத்தைக் கீழே வைத்தார். நேற்று. பொய்யைச் சொன்னது இன்றைக்குக் காலையில். நேற்று தாயம்மாவை இரண்டு நாளைக்கு வரச்சொல்லி கூடத்தில் நின்று அவர் போன் பேசினதை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் பால் வாங்கப் போகும்வரை காத்திருந்து, அந்த ஒற்றைக் கையை நீட்டி... ஏழு நாள். ஒரு மனுசி ஏழு நாள் யாரைக் காணாமல் இருக்கக் கேட்கிறாள். "செரி, போய் அவளப் பாரு" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து முள்ளுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார். எதையும் எடுக்கவில்லை. உள்ளறையில் தாயம்மா பேசிக்கொண்டேயிருந்தாள், மருமகள் கதை, சீட்டுக்காரி கதை, யாரோ ஒருத்தியின் மாப்பிள்ளை கதை. நடுவில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து எழுந்தார். இருமல் இல்லை. பாதி வாயில் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்போல. அவர் அதைக் கேட்டதில்லை. பிறகு சோற்றுத் தட்டுச் சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். தாயம்மா கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசஞ்சோற்றைக் கையால் மசித்துச் சின்னச் சின்ன உருண்டையாக வைத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். ஊட்டவேண்டும் என்ற நினைப்பே இல்லாதவள்போல. பாவாயி மென்றாள். வாயில் இருப்பது போகும்வரை அடுத்தது வரவில்லை. போனபிறகும் வரவில்லை. அவளாக வாயைத் திறந்தபோதுதான் தாயம்மா கதைக்கு நடுவே ஒன்றை எடுத்து வைத்தாள். விளக்குப் போடுகிற நேரமாயிற்று, தட்டில் பாதிதான் போயிருந்தது. ஒரு தட்டுச் சோற்றுக்கு இவ்வளவு நேரமா என்று அவருக்கு உள்ளங்கால் அரித்தது. தட்டு காலியானது. அவர் ஊட்டினால் கால் தட்டோடு வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் இறங்கும் என்றுதான் டாக்டரம்மாவிடமும் சொன்னார். "போதுமாக்கா?" பாவாயி தலையை அசைத்தாள். "இன்...னும்" என்றாள். தாயம்மா சோறு போட வெளியே வந்தவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங் மாமா, எங்கக்காளுக்கு பாய்லருக்குக் கரி தள்ளற மாதிரியா தள்ளுவீங்க? 'பாய்லரு, பாய்லரு'ன்னு சொல்லிக் கையால தள்ளித் தள்ளிக் காட்டுது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது." "ஆமா" என்றார் சென்னியப்பன். தாயம்மா உள்ளே போனதும் புழக்கடைக்குப் போய் ஜோகிக்குப் போன் போட்டார். "ஜோகி, ஏழு நாள் தங்கினா உனக்குச் செரமமா?" "என்னய்யா, சித்தப்பனுக்குக் கருமாதியும் முடிச்சிட்டுத்தான் போவியா? வா வா. அங்க உம் பொண்டாட்டிய ஆரு பாக்கறது?" சென்னியப்பன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது நல்லா இருக்கும்" என்றார்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். பூண்டு வாசம் போகவில்லை. உள்ளறைக்குப் போய், "குடு தாயம்மா, மிச்சத்த நான் ஊட்டறேன்" என்றார். "நீங்க போய்த் துணிமணிய எடுத்து வைங்க மாமா." "குடுன்னா." தாயம்மா நகர்ந்துகொண்டாள். அவர் ஏறிச் சம்மணம் போட முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கரண்டி இல்லாமல் கையால், தாயம்மா உருட்டின அளவுக்கே உருட்டினார். எடுக்காமல் தட்டிலேயே வைத்திருந்தார். அவளாகக் கேட்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, இன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். பாவாயி ஏற்கெனவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தார். மெல்லவில்லை, அப்படியே விழுங்கினாள், கழுத்து நரம்பு புடைத்து இறங்கிற்று. கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. மறுபடி வாய் திறந்துகொண்டது. "மெதுவா, பாவாயி" என்றார். முடிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார். அவர் குரல் கேட்டதும் அவள் இன்னும் வேகமாக விழுங்கிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று நாக்கைத் தூக்கி அவருக்குக் காட்டினாள்.